துலாபாரத் தட்டில்

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து மகள் இளைத்துவிட்டால், அவள் எடைக்குப் பாளையங்கோட்டான் பழம் தருவதாகப் பகவதிக்கு நேர்ந்திருந்தாள் தாணம்மாள். முதலில் மளமளவென்று இறங்கிய ஸ்ரீகலாவின் எடை, தொண்ணூற்றிரண்டு கிலோவில் வந்து நின்றுவிட்டது. முட்டை வெள்ளையும் மோருமாக வயிற்றைக் காயப்போட்டும் மிஷின் முள் அசையவில்லை. அம்மா கேட்டபோது எண்பது என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டாள்.

இன்று பகவதி கோயிலில், கொட்டாரம் சந்தையிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்த பழக்குலைகளை எதிர்த்தட்டில் அடுக்கி முடித்த பிறகும், ஸ்ரீகலா உட்கார்ந்திருந்த தட்டு தரையை விட்டு எழவே இல்லை. தொழ வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னும் பழம் வேணுமே," என்றார் பூசை செய்யும் போற்றி, ஊருக்கே கேட்கும்படி.

ஸ்ரீகலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

தாணம்மாள் ஆட்டோக்காரரைப் பார்த்து, "தம்பி, பின்சீட்டில கெடக்க ரெண்டு குலையையும் எடுத்துட்டு வா," என்றாள்.

ஸ்ரீகலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, ஒனக்கு முன்னமே தெரியுமா?"

தாணம்மாள் அவள் காதருகே குனிந்தாள். "மாசாமாசம் ஒனக்க ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைச்சது நான்தானே மக்கா? பொங்கலுக்குப் பொறவு ஒண்ணுகூட நீ கொண்டு வரல்லியே."