ஓடக்காரனுக்கு ஞாபகம் இருக்கிறது

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியது ஒரு பழைய வார இதழ். அதில் கணினி விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஒருவரின் பேட்டி. "சின்ன வயசுல அந்த ரோல் பிளேயிங் கேம்களோட கதையை எல்லாம் வரி விடாம படிச்சேன். அதுதான் என்னை எழுத்தாளனாக்குச்சு" என்று சொல்லியிருந்தார். கன்னத்தில் கையை ஊன்றியபடி ஒரு படம் வேறு.

பல்லை விட அது அதிகமாக வலித்தது. அந்த விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு ஏன் என்று புரியும். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிருந்து சாய்வாகப் பார்த்தாற்போல் ஓர் ஊர், அதில் விரல் நகம் அளவுக்கு மனிதர்கள், திரையின் அடியில் ஒரு பெட்டி, பெட்டி நிறைய எழுத்து. சத்திரக்காரனிடம் வழி கேட்டால் அவன் தன் முதல் மனைவி செத்த கதையிலிருந்து ஆரம்பிப்பான். அவன் ஓய்ந்ததும் நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எண் போட்டு வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல எழுத்து, பல இடங்களில் பிரமாதமான எழுத்து. ஆனால் வரி விடாமல் படித்தேன் என்று மார்தட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் பொத்தானைத் தட்டித் தட்டிப் பேச்சைத் தள்ளிவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். படத்தில் இருந்த முகத்தில் அந்த ஓட்டம் எனக்குத் தெரிந்தது.

அவர் படிக்கவில்லை என்றால் வேறு யாரோ படித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்த வேறு யாரோவை நான் அக்கா என்றும் இவரைத் தம்பி என்றும் கூப்பிடப் போகிறேன். அப்படி ஒருத்தி நிஜத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். பேட்டியில் அவள் இல்லை, எனக்கு அது போதும்.

2

முதல் தொடக்கம்: "மாலைச் சூரியன் கண்ணாடிச் சுவர்களில் பொன்னை உருக்கி ஊற்றிய வேளையில், அக்கா தன் நாற்காலியில் மெல்லச் சாய்ந்து"

வேண்டாம். அலுவலகத்தில் அக்காவின் அறைக்கு சன்னலே கிடையாது. பழுதான கம்ப்யூட்டர்களைப் போட்டு வைத்திருந்த அறை அது.

இரண்டாவது தொடக்கம்: "தம்பி அக்காவுக்கு இழைத்த"

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் நீங்கள் பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா.

மூன்றாவது பரவாயில்லை. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். மவுஸ் தம்பியின் கையில். அக்கா பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பெட்டியில் வருவதையெல்லாம் உரக்க வாசிப்பாள். சத்திரக்காரனுக்குக் கரகரத்த குரல், மகாராணிக்கு மூக்கால் பேசும் குரல், பேய்க்கு ரகசியக் குரல். தம்பி கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப எதை அமுக்கணும்?"

யாரிடம் பேசப் போனாலும் தம்பி முதலில் ஆட்டத்தை சேவ் செய்துவிடுவான். பேச்சு விபரீதமாகப் போனால் உடனே லோடு, சேவ் செய்த இடத்துக்கே திரும்பிவிடுவான். பேசியது பேசாததாகிவிடும், கொன்றவன் உயிரோடு நிற்பான். இந்த வசதியை இரண்டு பேரும் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். சண்டை முற்றினால் ஒருவர் "லோடு" என்று சொல்லி அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு மறுபடி வர வேண்டும். உள்ளே இருப்பவர் ஒன்றுமே நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் என்றால் சட்டம்தான். அம்மாவுக்குக் கடைசி வரை இது விளங்கவில்லை.

[அக்கா ஒரு தடவைகூட வெளியே போனதில்லை என்று எழுத ஆசைதான். நம்பும்படி இருக்காது. எப்போதாவது போயிருப்பாள். ஆனால் கதவு தேய்ந்தது தம்பியால்.]

3

தம்பி முதலாளியானான். கணினி விளையாட்டு நிறுவனம், வரவேற்பறையில் மீன் தொட்டி, சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம்: "ஒவ்வொரு தேர்வுக்கும் விளைவு உண்டு." பழைய பாணியில், கதைக்கே முதலிடம் தரும் ஒரு விளையாட்டைச் செய்யப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தான். அப்புறம் அக்காவிடம் வந்தான். அவள் அப்போது ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எழுதுக்கா. கதை, வசனம்னு உன் பேருதான் முதல் திரையில வரும். என் பேரு கூட அதுக்கப்புறம்தான்."

அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஊர்கள், கோட்டைகள், பேசும் மனிதர்கள் எல்லாவற்றையும் அந்தச் சன்னலில்லாத அறையில் உட்கார்ந்து எழுதினாள். தம்பியும் எழுதினான். அரசன் வரும் ஒரு காட்சி. அதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். அரசன் உதவி கேட்கிறான், நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள்:

ஒன்று: "தங்களுக்காக உயிரையும் தருவேன்."
இரண்டு: "எனக்கு என்ன கிடைக்கும்?"
மூன்று: "முடியாது."

எதை அமுக்கினாலும் அரசன் சொல்வது: "உன் துணிவை மெச்சினோம். வடக்கு வாசலுக்குப் போ."

விளைவு உண்டாம்.

அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் ஓடக்காரன் பிறந்தான். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் அவன் ஒருவன்தான் கதி. அவனிடம் நீங்கள் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம், கொலைகாரனாக இருந்தாலும் ஏற்றிக்கொள்வான். பொய் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இதில் என்ன புதுமை, லோடு செய்தால் ஆயிற்று என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது. நிறுவனத்தில் மௌனசாமி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு புரோகிராமர் இருந்தார். அக்கா கேட்டதைச் செய்துகொடுத்தவர் அவர். ஆட்டத்தின் சேவ் ஓரிடத்தில் இருக்கும், ஓடக்காரனின் ஞாபகம் வேறிடத்தில் இருக்கும். நீங்கள் எத்தனை முறை பின்னால் போனாலும் அவன் உங்களோடு பின்னால் வரமாட்டான்.

"நடக்குமா?" என்று அக்கா கேட்டதற்கு அவர் தலையாட்டினார். அந்த மனிதரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

4

வெளியீட்டாளர் விளையாடிப் பார்க்க வந்த நாள். கூட்ட அறையில் பெரிய திரை, முன்வரிசையில் தம்பி, சுவரோரமாக அக்கா. விளக்கை அணைத்தார்கள். முதல் திரை வந்தது. "கதை, வசனம்" என்ற எழுத்துக்குக் கீழே தம்பியின் பெயர் ஒளிவிட்டது. அக்காவின் பெயரும் வந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பெயர்ப் பட்டியலின் கடைசித் திரையில், "மொழி உதவி" என்ற தலைப்பில், ஏசி பராமரிப்புக்குச் சற்று மேலே.

[இந்த இடத்தில் அக்காவின் மனநிலையை ஒரு பத்திக்கு வருணித்திருந்தேன். இடி, மின்னல், விரிசல் விட்ட நிலம். படித்துப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவுதான்.]

வெளியீட்டாளர் உற்சாகமாக ஆடினார். வழியில் ஒரு கிராமத்துக்குத் தீ வைத்தார். ஆற்றங்கரைக்கு வந்தார். ஓடக்காரன் துடுப்பைப் பிடித்தபடி கேட்டான்: "அங்க புகை வருதே, பத்த வச்சது யாரு?" அவர் "எனக்குத் தெரியாது" என்பதை அமுக்கினார். ஓடக்காரன் அவரை இறக்கிவிட்டான். ஓடம் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே லோடு செய்து திரும்பி வந்தார். இம்முறை "நான்தான்" என்ற பதிலுக்குக் குறி வைத்திருந்தார். பதில்களே வரவில்லை.

ஓடக்காரன் சொன்னான்: "போன தடவையும் இதே முகத்தோடதான் வந்தே. திரும்பி வந்தா மறந்திருப்பேன்னு நினைச்சியா?"

யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியீட்டாளரின் முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன, ஏதாவது பிழையா?"

"ஆமா சார், பிழைதான்" என்றான் தம்பி. "இன்னைக்கே எடுத்துடறோம்."

5

இனி வருவது அக்காவின் அறையில். தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தான். முதலாளி நடை.

"அக்கா, அந்த ஓடக்காரனைச் சரி பண்ணிடு. மன்னிச்சு ஏத்திக்கிட்டுப் போற மாதிரி நாலு வரி எழுதினா போதும்."

"என் பேரு என்னடா ஆச்சு?"

"இப்ப அதுவா முக்கியம்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நிறுவனத்தின் தலைவர், தலையில் பாதி நரைத்தவர், "லோடு" என்றார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். [மரியாதைப் பன்மை தானாக வந்துவிட்டது. கேலிக்குத்தான், இருக்கட்டும்.]

மறுபடி வந்தான். கையில் காபி. மேசையில் வைத்தான். மூக்கால் பேசினான்: "என் படைத்தலைவியே, உன் ராணிக்கு ஒரு சிறு உபகாரம் வேண்டும்."

மகாராணியின் குரல். அக்கா சின்ன வயதில் பேசியது அப்படியே, இழுப்பு நெளிவு மாறாமல். அவன் ஒரு வரியும் படித்ததில்லை, ஆனால் கேட்டிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இந்தப் பயலை முழு அயோக்கியனாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இந்த ஒரு வரியில் கெடுத்துவிட்டான்.

"அந்தப் பேரு விஷயம் டிசைனர் பண்ணின தப்புக்கா" என்றான், அவள் முகம் இளகுவதைப் பார்த்து. "எனக்கே திரையில பாத்தப்பதான் தெரியும்."

"டிசைனர்கிட்ட பேசிட்டேன்டா. நீ எழுதிக் குடுத்ததைத்தான் போட்டாராம்."

தம்பி மீன் தொட்டி இல்லாத சுவரைப் பார்த்தான்.

"லோடு" என்றான்.

கதவு சாத்திக்கொண்டது. காபி மேசையிலேயே இருந்தது. லோடு செய்தால் அதுவும் மறைந்திருக்க வேண்டும், சட்டப்படி. ஆவி பறந்துகொண்டிருந்தது.

6

அவன் வெளியே நிற்கிறான். அடுத்து என்ன சொல்வது என்று உதட்டை அசைத்து ஒத்திகை பார்க்கிறான். உள்ளே அக்காவின் திரையில் மௌனசாமியிடமிருந்து ஒரு செய்தி: "ஓடக்காரன் ஞாபகத்தை எடுத்துடச் சொல்றார். எடுக்கவா?"

என் பழைய பிரதியில் இங்கே ஒரு முடிவு இருந்தது. தம்பி காலில் விழுகிறான், பெயர் மேலேறுகிறது, இருவரும் முக்காலியில் உட்கார்ந்து பழைய விளையாட்டை

போதும். அது அரசன் காட்சி. எதை அமுக்கினாலும் வடக்கு வாசல்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் கையில் விடமாட்டேன். மௌனசாமிக்கு அக்கா பதில் அடித்துவிட்டாள்: "எடுக்காதீங்க. அவர் என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் எடுக்காதீங்க." சரி என்று வந்தது. அந்த மனிதர் சரி என்றால் சரிதான்.

மிச்சம் உங்களுக்கு. கதவு தட்டப்படுகிறது. அவள் சொல்லக்கூடியவை:

ஒன்று: "வாடா, உட்காரு."
இரண்டு: "முதல்ல பேரை மாத்திட்டு வா, அப்புறம் பேசலாம்."
மூன்று: "போன தடவையும் இதே முகத்தோடதான் வந்தே."

நிதானமாக யோசியுங்கள். ஒன்றைச் சொல்லிப் பார்த்து, சரிப்படாவிட்டால் மேலே போய் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இப்போதே எழுந்து போகலாம். உங்களைப் போன்றவர்களைத்தான் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தம்பி கையில் புதிதாக ஒரு காபி. வாசலில் நின்றபோதே மேசையில் இருந்த பழைய கோப்பை அவன் கண்ணில் பட்டது. ஆடை கட்டியிருந்தது. புதியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உள்ள வரலாமா?" என்றான், இன்றைக்கு அப்போதுதான் முதல் முறையாக வருபவன் மாதிரி.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சொல்லுங்கள், எதை அமுக்கணும்?