தண்டவாளத்தில் நின்ற யானை

சுப்ரமணியனுக்கு எதிரி என்று ஒருவர் வாய்த்தது எழுபதாவது வயதில்தான். முப்பத்தெட்டு வருஷம் ஆபீஸ் போய் வந்தபோதுகூட யாரையும் பார்த்து அவருக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. எதிரி மும்பையை அடுத்த கல்யாணில் இருந்தார். மகள் சாதனாவின் மாமனார், மராத்திக்காரர், ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். பேரன் நகுலும் பேத்தி வந்தனாவும் அவரை ஆஜோபா, அதாவது மராத்தித் தாத்தா, என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குழந்தைகளின் முகம் மலர்வதை சுப்ரமணியனால் சகிக்க முடியவில்லை.

செம்பூரில் இருக்கும் குழந்தைகள் ஒரு வாரக் கடைசி கல்யாணுக்கும் அடுத்த வாரக் கடைசி மாட்டுங்காவில் இவர் வீட்டுக்கும் போவது என்று ஏற்பாடு. மாட்டுங்காவுக்கு வந்தாலும் பேச்சு கல்யாணிலேயே நின்றது. ஆஜோபா மண்ணில் கோட்டை கட்டினார், ஆஜோபா கண்ணை மூடிக்கொண்டு மயில் வரைந்தார், ஆஜோபா விசிலடித்தால் காக்கா வருகிறது. சுப்ரமணியனுக்கு விசிலடிக்க வராது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நாள் ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

அவரைத் தாங்கிப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கிளம்புமுன் ஏழு வயது நகுல் அவர் மடியில் ஏறி, காதோடு காதாகச் சொல்வான்: "தாத்தா, உங்க வீடுதான் ஏக் நம்பர். ஆஜோபாட்ட சொல்லாதீங்கோ." முதலிடம் தந்த அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சுப்ரமணியன் பதினைந்து நாளை ஓட்டிவிடுவார்.

ஆனாலும் கோட்டையை ஜெயிக்க ஏதாவது செய்தாக வேண்டும் அல்லவா? இந்த நவராத்திரிக்கு கொலுப்படியின் கீழே பார்க் வைக்கும் இடத்தில் லோக்கல் ரயிலே விட்டுவிடுவது என்று ஜூலையிலேயே முடிவு செய்தார். தாதரில் பேட்டரி ரயில் ஒன்று வாங்கினார். அதற்கு அட்டையில் புதுச் சட்டை போட்டார். வாசலில் தொங்கும் ஆட்களைக் காகிதத்தில் வெட்டி ஒட்டினார். வட்டமான தண்டவாளம், நடுவே மாட்டுங்கா ஸ்டேஷன், மஞ்சள் போர்டு, ரயில் நேரம் காட்ட கைவிரல் உயரத்தில் இண்டிகேட்டர். பசை நாற்றத்தில் மூன்று மாதம் வீடே கிடந்தது. குழந்தைகள் வந்தபோதெல்லாம் துணியை விலக்கிக் கொஞ்சம் காட்டி மூடிவிடுவார். "கொலு அன்னிக்குத்தான் ஓடும்."

நவராத்திரி முதல் நாள் சனிக்கிழமை. அக்டோபர் வெயில் காலை ஒன்பதுக்கே சுள்ளென்று அடித்தது. கடைசி நிமிஷத்தில் பேட்டரி சரியில்லை என்று தோன்றி, புதிது வாங்கக் கீழே இறங்கினார். அரைமணி நேரம்தான். அதற்குள் சாதனா குழந்தைகளை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மனைவி அபயாம்பாள் எல்லா பொம்மைக்கும் குங்குமம் வைத்து ஆரத்தியும் சுற்றி முடித்திருந்தாள்.

தண்டவாளத்தின் நட்டநடுவில் ரயிலை மறித்துக்கொண்டு ஒரு யானை நின்றது. சுடாத களிமண், தேங்காய் அளவு. நெற்றியில் அபயாம்பாள் வைத்த குங்குமம்.

"இது யார் வெச்சது?"

"நான்தான்!" என்றான் நகுல். "ஆஜோபா பண்ணினது. சூப்பரா இருக்குல்ல?"

சூப்பராகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. காதில் மடிப்பு, கண்ணில் குறும்பு. சுப்ரமணியன் கையை நீட்டினார்.

"ஏன்னா, தொடாதேங்கோ!" என்றாள் அபயாம்பாள். "ஆரத்தி ஆயிடுத்து. வெச்ச பொம்மையை விஜயதசமி வரைக்கும் நகத்தப்படாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"இது தரைடி. படி இல்லே."

"தரையானா என்ன, கொலுல வெச்சாச்சு."

"அப்போ ரயில் மட்டும் நகரலாமா?"

"ரயில் ஓடறதுக்குன்னு வெச்சது. யானை நிக்கறதுக்குன்னு வெச்சது."

நாற்பத்தைந்து வருஷத்தில் இந்த மாதிரி வாதத்தில் அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அடுத்த வாரம் குழந்தைகளுக்குப் பரீட்சை. இனி அவர்கள் வருவதற்குள் கொலுவைக் கலைத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். ஞாயிறு மாலைக்குள் ரயில் ஓட வேண்டும். இல்லையென்றால் மூன்று மாத உழைப்பும் வீண்.

சாயங்காலம் சுண்டலுக்கு வந்தவர்கள் எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றினார்கள். மூன்றாம் மாடி பாகீரதி மாமி குனிந்து பார்த்து, "யானை தத்ரூபமா இருக்கே, யார் பண்ணினா?" என்றாள். குழந்தைகள் ஒரே குரலில் கத்தினார்கள். மாமி ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொங்கும் ஆட்களில் ஒருவனுக்கு டிபன்பாக்ஸ்கூட இருப்பதை யாருமே பார்க்கவில்லை. அன்றைக்கு சுண்டல் அவருக்கு இறங்கவில்லை.

ஏழு மணிக்கு வழக்கம்போல் கல்யாண் போன். நகுல் ஜன்னலோரம் நின்று, "நாஹீ... நாஹீ..." என்று மராத்தியில் இல்லை இல்லை சொல்லிக் கிசுகிசுத்துச் சிரித்தான். அப்படி என்ன ரகசியம்? தன்னிடம் மட்டும்தான் குழந்தை ரகசியம் பேசுகிறான் என்று அல்லவா அவர் நினைத்திருந்தார்!

ஞாயிறு மதியம் சாப்பாடானதும் வீடு அடங்கியது. அபயாம்பாள் மின்விசிறிக்கு நேர் கீழே குழந்தைகளைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். சுப்ரமணியன் பூனைபோல் கொலு முன்னால் போய் உட்கார்ந்தார். நான்கு அங்குலம் நகர்த்தினால் போதும். அம்பாள் என்ன ஸ்கேல் வைத்தா அளக்கப் போகிறாள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு யானையைத் தூக்கினார்.

தும்பிக்கை கையோடு வந்துவிட்டது.

"தாத்தா."

கையும் களவுமாகப் பிடிபட்டவராகத் திரும்பினார். ஐந்து வயது வந்தனா கண்ணைக் கசக்கியபடி நின்றாள்.

"அங்கேயேதான் இருக்கணும் தாத்தா. ஆஜோபாதான் சொன்னா, கரெக்டா பட்ரி மேல வைங்கோன்னு."

"தண்டவாளத்து மேலயா? ஏன்?"

"ட்ரெயின் ஓடக்கூடாதுல்ல? நாங்க தாத்தா ட்ரெயின், தாத்தா ட்ரெயின்னே பேசிண்டிருந்தோம். ஆஜோபாக்கு கோவம், குஸ்ஸா வந்துடுத்து. அப்புறம்தான் யானை பண்ணினா. நேத்திக்குப் போன்லகூட கேட்டா, ட்ரெயின் ஓடித்தான்னு."

சுப்ரமணியனுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயெல்லாம் பல்லானது. கல்யாணில் ஒரு மனுஷன், காக்காயைக் கூப்பிடத் தெரிந்த மனுஷன், மாட்டுங்கா ரயிலை நினைத்து வெந்து போயிருக்கிறான்! வந்தனாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இத்தனை சந்தோஷம் அவருக்கு ரிட்டயரான அன்று மாலை போட்டபோதுகூட வந்ததில்லை.

பிறகு மனைவியை எழுப்பினார். "யானை மூக்கு விழுந்துடுத்து பார். தானா."

அபயாம்பாள் யானையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆனால் சாஸ்திரம் சாஸ்திரம்தான். "மூளி பொம்மையைக் கொலுல வெக்கப்படாது. எடுத்து வையுங்கோ," என்றாள். "தானாவாம், தானா."

நகுல் எழுந்து வந்தான். உடைந்த தும்பிக்கையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தாத்தாவின் விரல்களில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தான். சுப்ரமணியன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ரயில் ஓடியது. விளக்கு எரிந்தது, ஸ்டேஷனில் மணி அடித்தது, டிபன்பாக்ஸ்காரன் வாசலில் தொங்கியபடி வளைவில் திரும்பினான். வந்தனா குதித்தாள். நகுலும் மெல்ல மெல்லச் சிரித்து, அப்புறம் கைதட்டி, "இன்னொரு தடவை தாத்தா!" என்றான். இருபது தடவையாவது ஓட்டியிருப்பார்கள். கல்யாண்காரர் இதை வந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

அன்றைக்குப் போன் ஆறு மணிக்கே வந்துவிட்டது. பாவம், அங்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. சுப்ரமணியன் ரயிலை நிறுத்தவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று மணியை இன்னொரு தரம் அடித்தார். நகுல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, கதவையும் சாத்திக்கொண்டான்.

ஒட்டுக்கேட்பது தப்புதான். கதவு ஜன்னல் எல்லாம் பழசு, நன்றாகவும் மூடாது.

"நாஹீ ஆஜோபா," என்றான் நகுல் மராத்தியில். "ட்ரெயின் ஓடல. உங்க யானை நிக்கறதே, எப்படி ஓடும்? தும்பிக்கையா? இருக்கே. எல்லாரும் யானையைத்தான் பாக்கறா."

முப்பத்தெட்டு வருஷம் மராத்திக்காரர்களோடு வேலை பார்த்தவருக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. பரவாயில்லை, குழந்தைக்கு நல்ல மனசு, கிழவரைச் சமாதானம் செய்கிறான் என்று நினைத்து முடிப்பதற்குள், நகுல் போனை வாயோடு ஒட்டிக்கொண்டான். குரல் தணிந்தது. சுப்ரமணியனுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

"ஆஜோபா, துமச கர்ச் ஏக் நம்பர். தாத்தாலா சாங்கூ நகா." அதே வரி, உங்க வீடுதான் ஏக் நம்பர் என்று; சொல்லக்கூடாதது மட்டும் தாத்தாவிடம்.

சுப்ரமணியன் போய் ரயிலை நிறுத்தினார்.

கீழே சாதனாவின் கார் ஹாரன் அடித்தது. அபயாம்பாள் சுண்டலை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். வந்தனா செருப்பைத் தேடினாள். நகுல் வழக்கம்போல் ஓடி வந்து மடியில் ஏறி, அவர் காதைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, உங்க வீடுதான் ஏக் நம்பர். ஆஜோபாட்ட சொல்லாதீங்கோ."

மண் ஒட்டிய கை, சுண்டல் மணக்கிற மூச்சு. எந்தக் காதில் சொன்னது நிஜம் என்று கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்டால் இந்தக் குழந்தை அதற்கும் ஒரு நல்ல பதில் வைத்திருப்பான். சுப்ரமணியன் அவனை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"சொல்லமாட்டேன்டா," என்றார். "இன்னொரு தரம் சொல்லு."