பெட்டி பாடிய வம்பு

ஏதென்ஸில் ஒட்டும் போஸ்டர்களில் மனூசோஸுக்கு ‘மலையின் குரல்’ என்று பட்டம். மலை ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். ஆட்டு வாடையோ சுத்தமாக ஆகாது. ஆனாலும் புனித மரீனா திருவிழாவுக்கு லேப்டாப்பும் ஆளுயர ஸ்பீக்கர்களுமாகக் கிரீட் தீவில் அம்மா பிறந்த ஊருக்கு வந்து இறங்கினான். காரணம் கூடவே வந்திருந்தாள். ஏதென்ஸ் கோடை விழாவுக்கு ஆள் பிடிக்கும் ஊரானியா. “உன் இசைக்கு உங்க ஊர்க்காரங்க ஆடட்டும், மேடை உனக்குத்தான்” என்று சொல்லியிருந்தாள்.

பூசை முடிந்து, மரத்தடியில் ஆட்டுக்கறியும் ராக்கிச் சாராயமும் சுற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில் பொத்தானை அழுத்தினான். தரை அதிர்ந்தது. லீரா என்ற வில்வாத்தியம் இழைந்தது. அதன்மேல் அவன் தாய்மாமன் யன்னாகோஸின் குரல்:

“மணி மட்டும் கட்டி வச்சான் மந்தை நூறுன்னு சொல்ல,
பாலெங்கடா சாரிதிமா, பானை நனையவே இல்ல!”

போன வருஷம் ஒரு ஞானஸ்நான விருந்தில், பாலாடைக்கட்டிக்காரர் சாரிதிமோஸை மாமா வம்புக்கு இழுத்துப் பாடியதன் பதிவு அது. அவரும் அப்போதே பதில் பாடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக் குடித்தார்கள். இந்த ஊரில் அதுதான் முறை. ஈரடிப் பாட்டு வந்தால் பதிலுக்கு ஈரடி போக வேண்டும், வாயடைத்தவன் தோற்றவன். நம் மேதை என்ன செய்தான்? தாளத்துக்குள் அடங்கவில்லை என்று பதிலை வெட்டி எறிந்துவிட்டு, வம்பை மட்டும் சுழலவிட்டிருந்தான். பெட்டி திரும்பத் திரும்ப சாரிதிமோஸின் மானத்தை வாங்கியது.

ஒருவரும் ஆடவில்லை. சாரிதிமோஸ் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரே பாட்டப் பாடுதடா ஓட்டவாய்ப் பொட்டி,
என் வீட்டுக் கெடாகூட கத்தும் மெட்ட மாத்திக் கட்டி!”

ஊரே மேசையைத் தட்டியது. பெட்டி மறுபடி பால் கேட்டது. அவர் புதிதாக இன்னொன்று வீசினார். ஜனம் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டது. ஊரானியா போனை உயர்த்திப் படம் பிடித்தாள், ஆனால் அவனை அல்ல. மனூசோஸ் பொறுக்காமல் இசையை நிறுத்தினான்.

சாரிதிமோஸ் அவன் பக்கம் திரும்பினார்.

“மாமன் தொண்டையக் கடன் வாங்கி மலையேறி வந்த தம்பி,
உன் தொண்டைய எங்க வச்ச, ஊருக்கு வந்தது எத நம்பி?”

எல்லாரும் காத்திருந்தார்கள். யாருக்கும் கோபமில்லை, அவனுக்காகவே ஒரு குவளை நிரம்பித் தயாராக இருந்தது.

மாமா அருகே ஓடிவந்து கிசுகிசுத்தார். “ரெண்டே வரி சொல்லுடா மருமவனே. கேவலமா இருந்தாலும் பரவால்ல. உன் வாயால சொல்லு.”

மனூசோஸ் வாயைத் திறந்தான். மூடினான். பொத்தானை அழுத்தினான்.

மணி மட்டும் கட்டி வச்சான்...

மாமா தலையைத் தொங்கப்போட்டபடி போய் உட்கார்ந்தார். தன் குரலையே காதுகொடுத்துக் கேட்க முடியாமல் அவர் அன்று பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

ஊரானியா வந்து அவன் தோளைத் தட்டினாள். “பிரமாதம். மேடை உறுதி. சாரிதிமோஸ் பெரியவரும் வர்றாரு. நீ பொட்டிய ஓட்டு, தினமும் அவரு உன்னத் திட்டட்டும். ஜனம் அள்ளும். சம்மதமா?”

மனூசோஸ் லேப்டாப்பை மூடினான்.

“போஸ்டர்ல யார் பேரு மேல வரும்?” என்று கேட்டான்.