மலர்விழி மிஸ்ஸி கேட்ட குரல்

பண்டமாரான் தமிழ்ப்பள்ளிக்குப் பிலோமினா அந்த வாரம் மூன்றாம் முறையாக வந்தாள். திங்கட்கிழமை தண்ணீர்ப் புட்டி, நேற்று கைக்குட்டை, இன்று ரொட்டி. காலையில் அவற்றை மகளின் பையிலிருந்து எடுத்து ஒளித்தவளே அவள்தான் என்பது கேன்டீன் இராஜம்மாவுக்கா தெரியாது?

"பிள்ளை மறந்துச்சா, மம்மி மறக்க வெச்சாங்களா?"

"எட்டு வயசு லா அக்கா, மறக்காதா?" என்றாள் பிலோமினா, நிற்காமல்.

மகள் ஷெர்லிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்திருந்தார்கள். சளியை மெஷினால் உறிஞ்சி எடுக்க ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போன வருஷம் முழுக்க அந்த ஆள் பிலோமினா. வகுப்பு வாசல் நாற்காலி அவளுடையது. இந்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் நர்ஸாக மலர்விழி மிஸ்ஸியை அனுப்பியது. இனி நீங்கள் வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் என்றார்கள். ரெஸ்ட் எடுக்கிற முகமா அது?

அதையும் பொறுத்திருப்பாள். மதியம் பிள்ளையை ஒப்படைக்கும்போது மிஸ்ஸி, "இன்னிக்கும் நல்லா பேசுனா, அக்கா" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. குழாயின் முனையில் சின்ன வால்வு மாட்டினால் பேச்சு வரும். வீட்டுக்கும் ஒன்று கொடுத்திருந்தார் டாக்டர். முதல் நாளே ஷெர்லி இருமி முகம் சிவக்க, அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தவள் பிறகு தொடவில்லை. பெற்றவள் கேட்காத குரலை நேற்று வந்தவள் தினமும் கேட்கிறாள்.

ரொட்டி சாக்குதான். வேறு மிஸ்ஸி வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லத்தான் வந்தாள். மலர்விழி எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறாளாம். பார்த்தவர் யாரும் இல்லை, அதற்கென்ன.

இடைவேளை. வகுப்பில் ஷெர்லியும் மிஸ்ஸியும்தான் இருந்தார்கள்.

"மலர் அக்கா, பென்சில் ஒடஞ்சிருச்சு."

கரகரத்த, மெல்லிய குரல். வாசலைக் கடக்கப்போன பிலோமினா நின்றாள். முதன்முதலாகக் காதில் விழுந்த பேச்சில் இன்னொருத்தி பெயர்.

தலைமையாசிரியர் அறைக்குப் போகாமல் வகுப்புக்குள் நுழைந்தாள். "அதக் கழட்டு மிஸ்ஸி."

மலர்விழி கழற்றினாள்.

"இப்ப நான் மாட்டறேன். காட்டு."

"ஒரு கையால குழாயப் புடிச்சுக்குங்கக்கா. லேசா திருப்புங்க. இருமுனா பதறாதீங்க."

ஷெர்லி இருமினாள். வால்வைப் பிடுங்கப் போன பிலோமினாவின் விரல் பாதியில் நின்றது. இருமல் அடங்கியது.

"மம்மி கை நடுங்குது," என்றாள் ஷெர்லி. "மலர் அக்கா கை நடுங்காது."

மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"திரும்பச் சொல்லும்மா," என்றாள் பிலோமினா. "முதல்ல சொன்னத மட்டும்."