சிஞ்ஞோரா விட்டுச்சென்ற இரண்டு கதிரைகள்

இத்தாலியக் கிழவி சிஞ்ஞோரா யொலண்டாவின் கணவர் செத்து முப்பது வருடமாகியும் தினமும் பின்னேரம் நாலரைக்கு வந்து தமது சாய்வுக் கதிரையில் இருந்துவிட்டுத்தான் போவார். 1956இல் மிலானில் செய்த சோடிக் கதிரைகள் அவை. வால்நட் மரச் சட்டம், பிரம்புப் பின்னல் இருக்கை. மனிதர் கண்ணில் படமாட்டார். பின்னல் மட்டும் ஒரு தடித்த ஆளின் பாரத்துக்குத் தாழும், ஏழு மணிக்கு நிமிரும். கிழவியைப் பலெர்மோவில் பதினெட்டு வருடம் பராமரித்த மன்னார் சறோஜா முதல் கிழமை பயந்தார். பிறகு ஏழுக்குப் பின் தூசு தட்டப் பழகிக்கொண்டார். கதிரைக்குச் சொந்தக்காரர் யாருக்காகக் காத்திருக்கிறாரோ, அந்த ஆள் செத்தால்தான் அதில் வந்து இருப்பார் என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். அர்ஜென்டீனாவுக்குப் போன தம் தம்பிக்காகச் சிஞ்ஞோராவே நாற்பது வருடம் காத்திருந்தாராம். அவன் செத்த அன்றுதான் மற்றக் கதிரையின் பின்னல் தாழ்ந்ததாம்.

2021இல் சிஞ்ஞோரா கண்ணை மூடினார். கதிரைகளைச் சறோஜாவின் பேரில் எழுதிவைத்திருந்தார். நல்ல மனதோடு செய்த காரியம்தான், ஆனால் அதைவிடக் கொடுமையான சொத்தை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. சறோஜாவின் ஒரே மகள் மொனிகா 2009இல், போரின் கடைசிக் கிழமையில், காணாமல் போனவள். 2006 சித்திரையிலேயே அவள் இத்தாலிக்கு வருவதற்கான கடதாசிகள் சரிவந்திருந்தன. "ஏ லெவல் சோதினையை எழுதிப்போட்டு வா பிள்ளை, மூண்டு மாசந்தானே" என்று சறோஜாதான் தொலைபேசியில் சொன்னார். சோதனை மாதத்தில் ஊரிலிருந்து வெளியேறும் பாதையைப் பூட்டினார்கள், பிள்ளை உள்ளே அகப்பட்டாள்.

போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்த தமது இரண்டறை வீட்டுக்குக் கதிரைகள் வந்த அன்றே சறோஜா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மற்றதன்மேல் அரிசி மூட்டையை வைத்தார். மூட்டை குறைந்தால் உடுப்புக் குவியல். வெறும் இருக்கையாக ஒரு நிமிடமும் விடவில்லை. பழைய தளபாட வியாபாரி ஒருவர் இரண்டு முறை வந்து கேட்டுப் பார்த்தார். விற்றால் பிள்ளைக்கு இருக்க இடமில்லை, வைத்திருந்தால் வந்து இருந்துவிடுவாள் என்று சறோஜா இரண்டு முறையும் வாசலிலேயே அழுதார். கார்த்திகையில் பங்குக் கோயிலில் மன்றாட்டுக்காக இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எடுக்கும்போது மகளின் பெயரை மட்டும் நோயாளிகளின் பட்டியலில் எழுதுவித்தார். பங்குச் சுவாமியும் ஒவ்வொரு வருடமும் அவளுக்குச் சுகம் கேட்டு மன்றாடினார்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கணவர் கிறிகோரி வேலைக்குப் போகவில்லை. சறோஜா வீடு திரும்பியபோது அரிசி மூட்டை நிலத்தில் கிடந்தது. கிறிகோரி சுவரோடு ஒட்டி நின்றார்.

"எனக்கு இனி ஏலாது சறோ. தெரியவேணும்" என்றார்.

நாலரை மணி. பின்னல் இரண்டு விரலளவு தாழ்ந்தது. சறோஜா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோப்பா, பிள்ளை எவ்வளவு மெலிஞ்சுபோனாள்" என்றார்.

பிறகு இருவரும் நிலத்தில் இருந்து அழுதார்கள். அந்த அழுகை கீழ்வீடு வரை கேட்டது. ஞாயிறு கோயிலில் பெயரை மற்றப் பட்டியலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

இப்போது வீட்டுக்கு வரும் சனம் அந்தக் கதிரையில் இருப்பதில்லை. சறோஜா பின்னேர வேலை எதையும் ஏற்பதில்லை. யாராவது வற்புறுத்தினால், பிள்ளை வீட்டிலை தனிய இருக்கும் என்று சொல்லிவிட்டு நாலு மணி பேருந்தைப் பிடிக்கிறார்.