நின்றால் அணைகிற வண்டி

பல்லடம் நால்ரோட்டில் சிவப்பு விழுந்தது. ஜாஹித் பிரேக்கை மிதித்தான். எஞ்சின் உதறியது, இருமியது, அணைந்தது.

பின்கண்ணாடி முழுக்க உடுமலைப்பேட்டை பஸ்ஸின் முகப்பு. ஹாரன் காதைக் கிழித்தது. பக்கத்து சீட்டில் முதலாளியின் மனைவி கீதாஞ்சலி, மடியில் குழந்தை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. பஸ்ஸின் பம்பர் அவள் தலை உயரத்தில் வந்து நின்றது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏப்பா, பொம்மக் காரையெல்லாம் ஊட்டுக்குள்ளயே ஓட்டக்கூடாதா?" என்றான். கீதாஞ்சலி குழந்தையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்று மாலையே முதலாளி பிரபாகர் சாவியை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து நூல் குடோனுக்குப் போய் மூட்டை இறக்கச் சொன்னார். அவர் கத்தவில்லை என்பதுதான் ஜாஹித்துக்கு வலித்தது. "என்ற கையில ஒருக்காக்கூட நின்னதில்லையேப்பா. உன்ற கையில மட்டும் எப்படி நிக்கிது? க்ளச்சு வுடத் தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு."

குடோன் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இந்த ஊரில் முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மச்சான், பங்காளி, அல்லது ஒரே சாயப்பட்டறையில் துணி போடுகிறவர்கள். ஓட்டத் தெரியாதவன் என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் டீ ஆறுவதற்குள் காங்கேயம் ரோடு வரை போய்விடும். அதற்கப்புறம் எவரும் ஜாஹித் கையில் ஸ்டியரிங்கைத் தர மாட்டார்கள். ஸ்டியரிங் இல்லாத ஜாஹித்தை அவனுக்கே அடையாளம் தெரியாது.

வண்டியில் கோளாறு இருந்ததை யாரும் மறுக்கவில்லை. வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது ஒரே சீராக ஓடாது. சளி பிடித்தவன் மூச்சு மாதிரி ஏறி இறங்கும். கோயமுத்தூரில் ரேஸ் ஓட்டிய ஒருவரிடமிருந்து பிரபாகர் வாங்கிய நாளில் அப்படி இல்லை. இப்போது கொஞ்ச நாளாகத்தான். பிளக் மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். நின்றபடி ஓடும் வேகத்துக்கான ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றினார்கள், இறக்கினார்கள். கம்பெனி வாசலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பானட்டைத் திறந்து வைத்தால் முக்கிக்கொண்டாவது ஓடும், அணையாது. ரோட்டில், ஜாஹித் கையில்தான் அணையும். முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிற எஞ்சின்.

சனிக்கிழமை காலை பிரபாகர் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது, ஜாஹித் ஓரமாக நின்று பார்த்தான். எதிரே லாரி. பிரபாகர் நின்றார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வலது கால் ஆக்ஸிலேட்டரில் தாளம் போட்டது: வ்ரூம், வ்ரூம். லாரி நகர்வதற்குள் ஹாரனை மூன்று முறை அடித்தார், கண்ணாடியைச் சரி செய்தார், சட்டைக் காலரை இழுத்துவிட்டார். டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே போன வருஷம் அது. பனியன் எக்ஸ்போர்ட்காரர் எவரும் அசையாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. பிரபாகர் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்பில் இருக்கும்.

ஜாஹித்துக்கு உள்ளே என்னவோ சொடுக்கியது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான்.

"அண்ணா, ஒரே ஒருக்கா நானும் வர்றனுங்க. பல்லடம் வரைக்கும். சிக்னல்ல ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கால் பிரேக்குல நில்லுங்க. ஆக்ஸிலேட்டரத் தொடாதீங்க. அது போதுங்க."

"என்னப்பா, எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றயா?"

"இல்லீங்ண்ணா. எனக்கு என்ன கோளாறுன்னே தெரியாது. உங்க கையில நிக்காததும் என்ற கையில நிக்கிறதும் ஏன்னு பாத்துக்கறனுங்க. நின்னுபோகலீன்னா இன்னிக்கே குடோனுக்குப் போயிர்றனுங்க."

பிரபாகர் கண்ணால் பக்கத்து சீட்டைக் காட்டினார்.

வண்டி பறந்தது. ஓட்டத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. விசைத்தறிச் சத்தமும் கோழிப்பண்ணை நாற்றமும் இருபுறமும் பின்னால் போயின. நால்ரோட்டில் சிவப்பு. பிரபாகரின் கை பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. பாதியில் திரும்பியது. காலைப் பிரேக்கில் வைத்தார். தொடை துடித்தது. அவருடைய கால் ஆக்ஸிலேட்டரைத் தேடுவதை ஜாஹித் பார்த்தான். அவர் அதை அடக்குவதையும் பார்த்தான். சிக்னல் கம்பத்தின் எண்கள் இறங்கின. எஞ்சின் ஏறி இறங்கியது, உதறியது.

அணைந்தது.

பின்னால் ஹாரன் கிளம்பியது. பிரபாகர் பிரேக்கை மறுபடி மறுபடி மிதித்தார். எஞ்சின் போனதோடு பிரேக்கின் வலுவும் போய், பெடல் கல்லாக இறுகிக் கிடந்தது. "அன்னிக்குக் குட்டி இதுலதான இருந்தா," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். "நீ இங்கிட்டு வந்து ஸ்டியரிங்கப் புடி. நான் தள்றேன்."

வெள்ளைச் சட்டை முதலாளி சிவப்பு வண்டியைத் தள்ளுவதைப் பஸ் ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன. பேக்கரி ஓரமாக நிறுத்தினார்கள். பானட்டைத் திறந்தார்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரில் கொஞ்சம் உயிர் கொடுத்துக்கொண்டே பிரேக்கையும் மிதிக்கும்படி ஜாஹித்திடம் சொல்லிவிட்டு, பிரபாகர் குனிந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். சத்தத்தைத் தொடர்ந்து போன அவர் விரல் ஒரு நீலக் குழாயில் நின்றது.

துணி பின்னுகிற நிட்டிங் மிஷினில் பஞ்சை ஊதித் தள்ள ஓடுகிற அதே ஏர் பைப். கம்பெனிச் சுவர் முழுக்க ஓடுவது. எஞ்சின் உறிஞ்சும் விசையைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் பழைய ரப்பர் குழாய் வெடித்தபோது, கம்ப்ரஸர் லைனிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அழுத்திச் செருகுகிற இணைப்போடு அவரே மாட்டியது. அன்றைக்கு அந்த வேலையைத் தட்டிக்கொடுத்தவர்கள் பலர். அதற்கப்புறம் பானட்டைத் திறந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இந்த ஊரில் நீலக் குழாயை யார் நின்று பார்ப்பார்கள்?

"இது ஊதறதுக்குப் பண்ணுன பைப்புப்பா," என்றார் பிரபாகர் மெதுவாக. "உள்ள காத்து அழுத்துனா இறுகிக்கும். இங்க எஞ்சின் உறிஞ்சுது. சூட்டுல இளகி, வெளிக்காத்தையெல்லாம் இழுத்துக்குது. கால் பிரேக்க மிதிச்சா இன்னும் ஜாஸ்தியா இழுத்து எஞ்சின அணைச்சுப்போடுது, ஹேண்ட் பிரேக்குக்கு இந்தப் பைப்பே கெடையாது."

சீட்டுக்கடியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை உருட்டி இணைப்பைச் சுற்றிப் பொத்தினார். இறுக்கினார். ஜாஹித் ஆக்ஸிலேட்டரை விட்டான்; பிரேக்கை விடவில்லை. எஞ்சின் தள்ளாடியது. பிறகு தன் மூச்சைக் கண்டுபிடித்து, சீராக, தாழ்வாக ஓடத் தொடங்கியது.

இருவரும் அதைக் கேட்டார்கள். பிரபாகரின் சட்டைப் பையில் செல்போன் அலறியது, சரக்கு வாங்குகிற பையரோ, பேங்கோ. அவருடைய ஒரு கை பாதி வரை உயர்ந்தது. பிடி தளர்ந்த அந்த நொடியில் எஞ்சின் குலுங்கியது. கையை மறுபடி குழாய்க்கே கொண்டுபோனார், இப்போது இரண்டு கைகளாலும்.

"அண்ணா," என்றான் ஜாஹித், திறந்த பானட்டுக்கு இப்பாலிருந்து. அவர் முகம் அவனுக்குத் தெரியவில்லை. "திங்கக்கிழமை நான் எங்க வரட்டுங்க?"

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"பிரேக்க வுட்றாத," என்றது பானட்டுக்கு அப்பாலிருந்து குரல்.

ஜாஹித் விடவில்லை. பானட்டின் கீழ்ச் சந்து வழியாக, வேஸ்ட் துணியை இறுக்கிப் பிடித்த விரல்கள் மட்டும் தெரிந்தன. சூட்டில் சிவந்துகொண்டு, அசையாமல்.