ஓடாமல் விட்ட ரன்கள்

1

இந்தக் கதை ஒரு டயர் கடையில் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கனவில் கதை வந்தது, பிரார்த்தனையின்போது வந்தது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. எனக்கு வந்தது பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது.

கடை மூலையில், கிரீஸ் விரல்தடம் படிந்த சின்ன டிவியில் டெஸ்ட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது ஒரு மரியாதைக்கு. ஒருவன் வருகிற பந்தையெல்லாம் காலடியில் தட்டித் தட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"நின்னு ஆடறான் பாருங்க," என்றார் கடைக்காரர், டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடி.

"நின்னுக்கிட்டேதான் இருக்கான். எங்க ஆடறான்?" என்றார் எனக்கு முன்னால் வந்திருந்த பார்சல்காரர்.

"விக்கெட் விழாம பாத்துக்கறான்ல?"

"அதுக்கு ஒரு கதவைக் கழட்டி ஸ்டம்புக்கு முன்னால சாத்தி வச்சாப் போதுமே. சம்பளம் மிச்சம்."

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, கதவு என்று சொன்னது அவரையே என்பது போல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. அவன் யாருக்காகத் தட்டிக்கொண்டிருந்தான்?

2

தொடக்கம் ஒன்று: மைதானத்தின் மேல் மாலை வெயில் தங்கத்தை—

[வேண்டாம். வெயிலைத் தங்கமாக்காத எழுத்தாளர்களுக்கு மேலே தனி இடம் ஒதுக்கியிருப்பதாக நம்புகிறேன்.]

தொடக்கம் இரண்டு: வாழ்க்கை என்பதே ஒரு டெஸ்ட் மேட்ச்—

[என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "அப்ப மழை வந்தா எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

தொடக்கம் மூன்று: அவனைப் பூட்டு என்று கூப்பிட்டார்கள்.

இது நிற்கட்டும்.

"மூணு பந்துக்கு ஒரு ரன்," என்றாள். அவள் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்துகிற வேகத்தில்தான் கதையும் படிப்பாள்.

3

அவனைப் பூட்டு என்று கூப்பிட்டார்கள். அவன் ஆட வந்தால் ரசிகர்கள் டீ குடிக்கப் போவார்கள். குடித்துவிட்டு வந்தாலும் ஸ்கோர் அதேதான் இருக்கும். சில நாள் டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

அன்று ஐந்தாம் நாள் மாலை. கடைசி விக்கெட். பத்து ஓவர் மீதம், இருபது ரன் வேண்டும். காலையில் எதிரணி ஆடி முடித்ததும் முதல் ஆளாக இறங்கிய பூட்டு இன்னும் நிற்கிறான். எதிர்முனைக்கு வருகிறவன் பதினோராவது ஆள், சுழற்பந்து போடுகிறவன், பேட்டைக் குடை போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறான். பூட்டின் மச்சான். பூட்டு கட்டியது அவன் தங்கையை. கல்யாணத்துக்கு முன்னால் இருவருக்கும் வாடா போடாதான். அதன் பிறகு மாப்ள, மச்சான். ரன் ஓடும்போது மட்டும் வாயில் பழைய 'வாடா' வந்துவிடும்.

டீ இடைவேளையில் கோச் பூட்டைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்: "டிராவுக்கு ஆட எனக்கு ஆள் வேணாம். அடிக்கறவன் ரெண்டு பேர் வெளிய காத்துக்கிட்டு இருக்கான். இன்னைக்கும் பூட்டிக்கிட்டு நின்னேன்னா, அடுத்த தொடருக்குப் பெட்டி கட்டாத."

பூட்டு தலையாட்டினான். ஓவருக்கு இரண்டு ரன். அவனாலேயே முடியும்.

மச்சான் வந்தான். வழக்கம்போல முஷ்டியை முட்டிக்கொள்ளக் கையை நீட்டினான். நீட்டியது இடது கை.

"வலது கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மாப்ள."

"மச்சான்."

"காலைல கேட்ச் பிடிச்சேன்ல, மோதிர விரல் போயிடுச்சு. மூஞ்சியை அப்படி வச்சுக்காத, அவனுங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கே குறி வச்சுப் போடுவானுங்க."

அதன் பிறகு பூட்டு நாலு அடித்தான், இரண்டு ரன் ஓடினான், ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் ஓடினான். நடுவில் ஒற்றை ரன் எதுவும் ஓடவில்லை, ஓடினால் அடுத்த பந்து மச்சானுக்கு. உள்ளங்கையைத் தூக்கி மச்சானை நிறுத்திவிடுவான்.* சும்மா நடந்தே எடுக்கக்கூடிய ரன்கள். கூட்டம் முதலில் முணுமுணுத்தது, பிறகு கிண்டலாகக் கைதட்டியது, பிறகு ஊளையிட்டது. காரணத்தை அவன் யாரிடமும் சொல்ல முடியாது.

* தெரியாதவர்களுக்கு: பந்து முன்பக்கம் போனால் ஓடலாமா வேண்டாமா என்று அடித்தவன் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் போனால் அடித்தவனுக்குத் தெரியாது, எதிர்முனைக்காரன்தான் கூப்பிட வேண்டும். "நம்ம வீட்டுலயும் அதேதானே? உங்க முதுகுக்குப் பின்னால நடக்கறதையெல்லாம் நான்தானே பாக்கறேன்," என்றாள் மனைவி.

4

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் விரல் உடையவில்லை. பூட்டு சும்மாதான் தட்டிக்கொண்டிருந்தான், அவன் சுபாவமே அதுதான் என்று எழுதியிருந்தேன். "இவன் பயந்தாங்கொள்ளியா, நல்லவனா?" என்று மனைவி கேட்டாள். பதில் தெரியாததால் மச்சானின் விரலை உடைத்தேன். ஒருவனை நல்லவனாக்க இன்னொருவன் எலும்பை முறிப்பது என்ன நியாயம்? அன்று இரவு பிரார்த்தனையில் அந்த மச்சானையும் சேர்த்துக்கொண்டேன். இல்லாத ஆளுக்காக வேண்டிக்கொண்டால் அது எங்கே போய்ச் சேருமோ தெரியாது.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. பூட்டுக்கு இந்த விரல் வசதியாகப் போய்விட்டதோ? அடிக்கப் பயந்தவனுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதோ? அவனையே கேட்டுப் பார்த்தேன். பந்தைத் தட்டுகிற மாதிரி என் கேள்வியையும் காலடியில் தட்டிப் போட்டுவிட்டான்.

5

ஒரு ஓவரின் கடைசிப் பந்தில் ரன் கிடைக்காமல் போனது. மச்சான் ஆடியே ஆக வேண்டியதாயிற்று. மூன்றாவது பந்து எழும்பி வந்து சரியாக வலது கையுறையில் பட்டது. பேட் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம்.

எழுந்து நின்று கையுறைப் பட்டையை இறுக்கப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்திலேயே ஹெல்மெட் போட்டுக் குந்தியிருந்த எதிரணிக்காரன் எழுந்து வந்து அந்தப் பட்டையைப் பிரித்தான். உள்ளே விரல் ஊதிக் கறுத்திருந்ததைப் பார்த்தான். மெதுவாக, குழந்தைக்குச் செருப்பு மாட்டுவது போல, மறுபடி ஒட்டிவிட்டான்.

"கையில அடியா?" என்று அவனுடைய கேப்டன் தூரத்திலிருந்து கத்தினார்.

"இல்ல கேப்டன், பட்டை பிஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

[மனைவி: "எதிரணிக்காரன் இவ்வளவு நல்லவனா இருப்பானா?" நான்: "இருப்பான்." மனைவி: "நீங்க எழுதினா இருப்பான்." அவனை எடுக்க மாட்டேன். கதையே போனாலும் அவன் இருக்கட்டும். அவன் சொன்ன பொய்யைக் கடவுள் கேட்டும் கேட்காதது போல இருந்திருப்பார்.]

ஓவர் முடிந்ததும் மச்சான் நடுவில் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"கோச் உன்கிட்ட என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியதான் நின்னேன்."

"ஒட்டுக் கேட்டியா?"

"பாத்ரூம் அங்கதான இருக்கு, எங்க போய் நிக்கச் சொல்ற? இத்தனை ரன்னை விட்டுட்டியே. நாளைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டா தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"விரலு போச்சுன்னா நான் அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

"விரலு என்னோடது."

"மச்சானும் என்னோடதுதான்."

"அப்ப என்னை நம்பு. என்னைக் காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு ஊரு முன்னால ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவனா ஆக்கிட்டு இருக்க. கூட்டம் உன்னைப் பாத்து மட்டுமா ஊளையிடுது?"

இதைப் பூட்டு யோசித்திருக்கவில்லை. உண்மையில் நானும் யோசித்திருக்கவில்லை. மச்சான் தானாகச் சொல்லிவிட்டான்.

6

கடைசி ஓவர். இரண்டு பந்து மீதம், மூன்று ரன் வேண்டும். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) பூட்டு ஒரு ரன் ஓடுகிறான். கடைசிப் பந்தில் மச்சான் ஒற்றைக் கையால் நாலு அடிக்கிறான். "படத்துக்கு டிக்கெட் எவ்வளவு?" என்றாள் மனைவி.

(ஆ) பூட்டு ஓடவில்லை. டிரா. அணியிலிருந்து நீக்கப்படுகிறான். பின்னால் உண்மை தெரிந்து கோச் உட்பட எல்லாரும் கண் கலங்கு— [அழவைக்க எனக்குத் தெரியும். அதனாலேயே அந்தத் திறமையை நான் நம்புவதில்லை.]

(இ) ஓடுகிறார்கள். கடைசிப் பந்தில் மச்சான் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. அன்று ராத்திரி வீட்டில் இருவரும் தலைகுனிந்து சாப்பிட உட்காருகிறார்கள். பூட்டின் மனைவி பரிமாறுகிறாள். அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஸ்பூனை வைக்கிறாள். டிவியில் அவன் இடது கையை நீட்டியதை அவள் பார்த்திருக்கிறாள்.

மனைவி ஸ்பூன் வரியை மறுபடி படித்தாள். பிறகு, "தோத்துட்டாங்களே," என்றாள்.

"ஆமா."

"ஆனா இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு." காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "இருந்தாலும் ஏங்க, நீங்களும் பூட்டு மாதிரியேதான் பண்றீங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"படிக்கறவங்களுக்கு ஒரு பந்துகூடக் குடுக்கல. நல்ல முடிவு, கெட்ட முடிவு, சோகம், ஸ்பூன், அதுக்கெல்லாம் விளக்கம், எல்லாத்தையும் நீங்களே ஆடறீங்க. அவங்க அடிபட்டுடுவாங்கன்னு பயமா? இல்ல, அவங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு நினைப்பா?"

முதலாவதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

7

ஆகவே (அ), (ஆ), (இ) மூன்றையும் அடித்துவிட்டேன். ஸ்பூனை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. எந்த முடிவானாலும் அவள் அதை எடுத்து வைப்பாள்.

பந்துவீச்சாளன் ஓடி வருகிறான். பந்து காலுக்கு வருகிறது. பூட்டு மெல்லத் திருப்பிவிடுகிறான். இந்த முறை பந்து முன்னால் போகவில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் உருண்டு போகிறது. யார் விரட்டுகிறார்கள், எவ்வளவு தூரத்தில் என்று அவனுக்குத் தெரியாது. அந்த மாலை முழுதும் உயர்ந்த உள்ளங்கை இப்போது உயரவில்லை. தலையைத் தூக்கி எதிர்முனையைப் பார்க்கிறான்.

"மச்சான்?"

எனக்கும் தெரியவில்லை. பந்து என் முதுகுக்குப் பின்னால்தான் போயிருக்கிறது. ஓடினால் கடைசிப் பந்து அந்த விரலுக்கு. நின்றால் விரல் பிழைக்கும், பூட்டின் இடம் போகும், மச்சானின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது?

எதிர்முனையில் நிற்பது நீங்கள். இவ்வளவு நேரம் உங்களைச் சும்மா நிறுத்தி வைத்ததற்கு மன்னியுங்கள். பந்து உங்களுக்குத் தெரிகிறது. நான் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன்.

கூப்பிடுங்கள்.